அதிக உதிரப்போக்குக்கு எண்டோமெட்ரியல் அப்லேஷன்: வலியும் தேறுதலும் பற்றிய கேள்வி பதில்கள்

மாதாமாதம் பேட் மாற்றி மாற்றியே ஓய்ந்துபோன பெண்களுக்கு, கர்ப்பப்பையை எடுக்காமலே ரத்தப்போக்கைக் குறைக்கும் வழியாக டாக்டர்கள் சொல்வது எண்டோமெட்ரியல் அப்லேஷன். சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு வரும் வலியில் எது சாதாரணம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

இதில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

கர்ப்பப்பையின் உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மாதாமாதம் வளர்ந்து உதிர்ந்து ரத்தமாக வெளியேறுவது அதுதான். அப்லேஷனில் அந்தச் சவ்வை வெப்பத்தாலோ மின்சாரத்தாலோ பொசுக்கிவிடுகிறார்கள். வயிற்றில் கத்தி வைப்பதில்லை, தையல் இல்லை. கருவி பிறப்புறுப்பு வழியாகவே உள்ளே போகிறது.

முறைகள் பல. ரேடியோ அலை முறையில், விரிந்த வலை போன்ற கருவி இரண்டு நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும். வெந்நீர் பலூன் முறையில் சுமார் 87 டிகிரி செல்சியஸ் சூட்டில் 8 நிமிடம் வைத்திருப்பார்கள். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே சவ்வைச் சுரண்டி எடுக்கும் பழைய முறையையும் பல மருத்துவமனைகள் இன்றும் செய்கின்றன. எந்த முறையாக இருந்தாலும் பிறகு வரும் வலியின் தன்மை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் நாள் எவ்வளவு வலிக்கும்?

பீரியட்ஸ் வலி மாதிரிதான் இருக்கும். சிலருக்கு மோசமான பீரியட்ஸ் வலி போலவும், பிரசவத்தின் ஆரம்ப வலி போலவும் இருக்கும். மயக்கம் தெளிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, முதல் ஆறேழு மணி நேரம் உச்சத்தில் இருந்து, மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம் ஒரு வாரம் வரை அடிவயிற்றில் விட்டு விட்டு ஒரு இழுப்பு, இடுப்பில் லேசான வலி இருக்கலாம்.

இந்த வலிக்குக் காரணம் உண்டு. பொசுங்கிய சவ்விலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வெளியாகிறது. அது கர்ப்பப்பையைச் சுருங்கிச் சுருங்கி விரியச் செய்கிறது. பீரியட்ஸ் வலியும் இதே பொருளால்தான் வருகிறது என்பதால் வலி பழகியது போலத் தோன்றும்.

முதல் நாள் குமட்டல், ஒன்றிரண்டு வாந்தி, அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வு ஆகியவையும் இருக்கும். ஒரு நாளில் போய்விடும்.

என்ன மாத்திரை எடுக்கலாம்?

டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான். புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் மாத்திரைகள், அதாவது ஐபுப்ரூஃபென், மெஃபனமிக் ஆசிட், டைக்ளோஃபினாக் போன்றவை, இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும். பாரசிட்டமாலையும் சேர்த்து எழுதுவது வழக்கம். முதல் 24 மணி நேரம் "வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்காமல், சொன்ன நேரத்துக்கு எடுத்துவிடுவது நல்லது. வலி ஏறிய பிறகு அதை இறக்குவது கஷ்டம்.

வெறும் வயிற்றில் வேண்டாம். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை சாப்பிட்டால் இளைப்பு வரும் ஆஸ்துமா இதில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: நம் ஊரில் பெண்கள் வயிற்று வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மெஃப்டால் ஸ்பாஸில் இருப்பது மெஃபனமிக் ஆசிட். இந்த மருந்து அரிதாக உடல் முழுக்கத் தடிப்பும் காய்ச்சலும் கொண்ட கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. அதற்காக மருந்தே கூடாது என்று அர்த்தமில்லை. தோலில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மாத்திரையோடு சேர்த்து இதையும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் தவறு. ஒரே வகை மருந்து இரட்டிப்பாகப் போய்விடும்.

வெந்நீர்ப் பை வைக்கலாமா?

தாராளமாக. துணி சுற்றி அடிவயிற்றில் வையுங்கள்.

தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறதே?

இதைக் கேட்காதவர்களே இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் ரத்தமாக, பிறகு இளஞ்சிவப்புத் தண்ணீராக, கடைசியில் பழுப்பாகவோ மஞ்சளாகவோ போகும். தீக்காயத்திலிருந்து நீர் கசிவது போலத்தான் இதுவும். உள்ளே இருப்பதும் ஒரு புண்தான். இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை நீடிக்கலாம். சில நாள் பேட் நனையும் அளவுக்குக்கூட இருக்கும். நடுவில் சின்னச் சின்னத் துணுக்குகள் வந்தாலும் பயப்பட வேண்டாம், அது உதிர்ந்த சவ்வு.

பேட் மட்டும் பயன்படுத்துங்கள். டாம்பூன், மென்ஸ்ட்ருவல் கப் இரண்டும் வேண்டாம். வாடை கவனிக்க வேண்டிய விஷயம்: ரத்த வாடை சரி, அழுகிய வாடை சரியில்லை.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரமாகத் தொடர்ந்தால். நாற்றமுள்ள வெள்ளைப்பாடு வந்தால். சிறுநீர் கழிக்க முடியாமல் போனால். இவை கிருமித்தொற்று, அதிக ரத்தப்போக்கு போன்றவற்றின் அடையாளங்கள்.

இதைவிட முக்கியமானது வலியின் திசை. சாதாரண வலி நாளுக்கு நாள் இறங்கும். முதல் நாள் குறைந்து, இரண்டாம் மூன்றாம் நாள் மறுபடி ஏறுகிறது, வயிறு உப்பிக் கல் போல இறுகுகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால், கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்து குடலில் சூடு பட்டிருக்கலாம். இது மிக அரிது. ஆனால் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. நடுராத்திரி என்றாலும் கிளம்பிவிடுங்கள். "காலையில பாத்துக்கலாம்" என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எத்தனை நாள் ஓய்வு? வண்டி ஓட்டலாமா, குடம் தூக்கலாமா?

மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது; வீட்டில் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ போகிறவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

"மூணு மாசம் குனியாதே, குடம் தூக்காதே" என்று மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்வது கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கான அறிவுரை. இங்கே பிரிந்துவிடத் தையலே இல்லை. சிலிண்டரை நகர்த்துவது போன்ற கனமான வேலையை முதல் சில நாள் தவிர்த்தால் போதும். ஆனால் ஒன்று, அந்த அறிவுரையால் உங்களுக்கு நாலு நாள் ஓய்வு கிடைக்கிறது என்றால் அவசரப்பட்டு மறுக்க வேண்டாம்.

தலைக்குக் குளிக்கலாமா? கணவரோடு சேரலாமா?

மறுநாளே தலைக்குக் குளிக்கலாம். ஆறு, குளம், நீச்சல் குளம் மட்டும் நீர்க்கசிவு நிற்கும் வரை வேண்டாம். உறவும் அப்படித்தான்: கசிவு நின்ற பிறகு. சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று வாரம்.

பத்தியம் உண்டா?

கிடையாது. கத்தரிக்காயால் புண் சீழ் பிடிக்காது, தயிரால் ஜன்னி வராது. மலச்சிக்கல்தான் இந்தச் சமயத்தில் வயிற்று வலியைக் கூட்டும், அதனால் கீரையும் பழமும் தண்ணீரும் நிறைய வேண்டும்.

ரத்தப்போக்கு எப்போது குறையும்? முழுக்க நின்றுவிடுமா?

அடுத்த மாதமே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று சுழற்சி ஒழுங்கில்லாமல் வரலாம். உண்மையான பலன் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில்தான் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிடும், ஒரு பகுதியினருக்கு அடியோடு நிற்கும், சிலருக்குப் பலனே இருக்காது. முழுக்க நிற்பதையே குறிக்கோளாக வைத்துப் போகிறவர்கள் ஏமாறலாம். இந்தச் சிகிச்சையின் வாக்குறுதி ரத்தம் குறையும் என்பது மட்டும்தான்.

ஒரு வருஷம் நன்றாக இருந்தேன். இப்போது ரத்தம் வரவில்லை, ஆனால் மாதாமாதம் வலி வருகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய கேள்வி இதுதான். "பீரியட்ஸே வரலையே, அப்புறம் என்ன வலி, மனசுதான் காரணம்" என்று பலருக்கும் பதில் கிடைத்திருக்கிறது. அது தவறு.

அப்லேஷன் சவ்வை ஒரு இடம் விடாமல் அழித்துவிடுவதில்லை. கருக்குழாய் வந்து சேரும் இரண்டு மூலைகளிலும் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கும், அல்லது பிறகு முளைக்கும். மற்ற இடமெல்லாம் தழும்பாகி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். மூலையில் மிச்சமிருக்கும் சவ்வு சினைப்பை ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டு மாதாமாதம் உதிரத்தானே செய்யும்? அந்த ரத்தம் வெளியே வர வழியில்லை. உள்ளேயே தேங்கிக் கர்ப்பப்பையை விரிக்கிறது. வலி அதனால்தான். பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்குள் தலைகாட்டும்; அடிவயிற்றின் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ, பீரியட்ஸ் வரவேண்டிய தேதியை ஒட்டி, சுருக் சுருக்கென்று குத்தும்.

எல்லோருக்கும் இது வராது. அமெரிக்காவில் 270 பெண்களைப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 23 சதவீதம் பேருக்கு அப்லேஷனுக்குப் பிறகு புதிதாக வலி வந்திருந்தது அல்லது இருந்த வலி கூடியிருந்தது. ஒவ்வொருவருக்கும் காரணம் இதுவே என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாலில் ஒருவர் என்பது அலட்சியம் செய்யும் எண்ணிக்கை இல்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கருக்குழாயைக் கட்டியிருந்தால் மூலையில் தேங்கும் ரத்தம் குழாய்ப் பக்கமும் தப்பிப் போக முடியாது. கட்டிய இடம் வரை போய் நின்று, குழாய் வீங்கும். 1993இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை ஒரு தனி நோய்க்குறியாக விவரித்தார்கள். கருத்தடை செய்துகொண்டு, பிறகு அப்லேஷனும் செய்துகொண்ட பெண்களில் 10 சதவீதம் பேருக்கு வரை இது வரலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மேலே சொன்ன 2014 ஆய்விலும், குழாய் கட்டிய பெண்களுக்குப் பிந்தைய வலி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

மேலை நாட்டு மருத்துவப் பக்கங்களில் இது ஒரு ஓரக் குறிப்பாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் அப்படி விட முடியாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரும்பாலும் இரண்டாவது பிரசவத்தோடு, இருபதுகளிலேயே. பதினைந்து வருஷம் கழித்து அதிக ரத்தப்போக்குக்காக வரும்போது "வேறு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பலர் இதைச் சொல்வதில்லை, அதை ஓர் ஆபரேஷனாகவே அவர்கள் எண்ணுவதில்லை. சொல்லுங்கள். அப்லேஷன் கூடாது என்பதற்காக இல்லை. பின்னாளில் வலி வந்தால் டாக்டர் எங்கே தேட வேண்டும் என்று தெரிவதற்காக.

சிசேரியனையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் கர்ப்பப்பைச் சுவர் மெலிந்திருந்தால் வெப்பம் தாண்டிப் போகும் அபாயம் உண்டு. அதனால் முதலில் ஸ்கேனில் சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள்.

வேறு யாருக்கெல்லாம் பின்னாளில் வலி வர வாய்ப்பு அதிகம்?

முன்பே பீரியட்ஸ் சமயத்தில் கடுமையான வலி இருந்தவர்களுக்கு. அப்லேஷன் ரத்தத்துக்கான சிகிச்சை, வலிக்கானது இல்லை. அடினோமயோசிஸ் இருப்பவர்களுக்கும் அப்படித்தான்: சவ்வு கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே புகுந்து வளர்ந்திருக்கும் நிலை அது. மேலாகப் பொசுக்கினால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

வயதும் ஒரு காரணம். 35 வயதில் செய்துகொண்டால் சவ்வு திரும்ப வளர இன்னும் பதினைந்து வருஷ ஹார்மோன் பாக்கி இருக்கிறது. 48இல் செய்தால் மெனோபாஸ் வாசலிலேயே நிற்கிறது. கலிஃபோர்னியாவில் 3,681 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், 21 சதவீதம் பேருக்குப் பிறகு கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. 40 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் இது 40 சதவீதத்தைத் தாண்டியது. 38 வயதில் ஒருவர் வந்து கேட்டால் "முதலில் ஹார்மோன் காயில் (கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் கசியும் சிறு கருவி) போட்டுப் பாருங்கள்" என்று பல டாக்டர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம், அது நல்ல ஆலோசனையும்கூட.

ஸ்கேன் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் வலிக்கிறதே?

எப்போது எடுத்தீர்கள்? வலி இல்லாத நாளில் எடுத்தால் தேங்கிய ரத்தம் வற்றிப் போய் ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம். வலி இருக்கும் நாளிலேயே போய் எடுப்பது உத்தமம். அதிலும் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ உதவும். நான்கைந்து மாதம் காலண்டரில் வலி வரும் நாளைக் குறித்து வையுங்கள். 28 நாளுக்கு ஒரு முறை வரும் வலி என்று டாக்டரிடம் காட்டினால் பேச்சு வேறு திசையில் போகும்.

அதற்கு என்ன சிகிச்சை?

லேசான வலிக்கு வலி மாத்திரையும், சினைப்பை ஹார்மோனைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்கும் மருந்தும். மெனோபாஸ் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவரை தாக்குப்பிடிக்க இதுவே போதும். தேக்கம் பெரிதாக இருந்தால் கேமரா வழியாக ஒட்டுதலைப் பிரித்து ரத்தத்தை வடிப்பார்கள். ஆனால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். குழாய் வீங்கியிருந்தால் குழாய்களை எடுப்பது ஒரு வழி. எதிலும் அடங்காவிட்டால் கர்ப்பப்பையையும் குழாய்களையும் சேர்த்து எடுப்பது. சினைப்பைகள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ரத்தப்போக்கு நின்றும் களைப்பு போகவில்லையே?

வருஷக்கணக்கில் இழந்த இரும்புச்சத்து ஒரே மாதத்தில் திரும்பாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் இரும்பு மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள், கிடங்கும் நிரம்ப வேண்டுமே. மாத்திரையை டீ, காபியோடு சாப்பிடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம். அப்படியும் தேறாவிட்டால் தைராய்டைப் பாருங்கள்.

இனி கர்ப்பம் ஆகாதுதானே?

ஆகலாம். அதுதான் சிக்கல். அப்லேஷன் கருத்தடை இல்லை. அரிதாகக் கரு தங்கினாலும் குழாயில் தங்குதல், கலைதல், நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவருக்குள் ஆழமாக ஊன்றிக்கொள்ளுதல் என்று எல்லாமே ஆபத்தில் முடியலாம். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் துளி இருந்தாலும் இந்தச் சிகிச்சை வேண்டாம். ஏற்கெனவே கருத்தடை செய்யாதவர்கள் மெனோபாஸ் வரை ஏதாவது ஒரு முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

ஹார்மோன் காயில், கர்ப்பப்பையை எடுப்பது, அப்லேஷன்: எது நல்லது?

மிரேனா போன்ற ஹார்மோன் காயிலைப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம்; அப்லேஷனைத் திரும்பப் பெற முடியாது. கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தமும் நிற்கும், இந்தத் தேக்க வலியும் வராது, ஆனால் அது பெரிய ஆபரேஷன். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் முப்பது வயதை ஒட்டியே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. மற்ற வழிகளைப் பேசாமலே நேராக அங்கே போகச் சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

மெனோபாஸுக்குப் பிறகு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆமாம், இரண்டு. மெனோபாஸ் தொந்தரவுக்கு ஹார்மோன் மருந்து எடுப்பதாக இருந்தால், கர்ப்பப்பை இருப்பவர்களுக்குக் கொடுப்பது போலவே ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்ந்திருக்க வேண்டும். "பீரியட்ஸ்தான் வரலையே" என்று அதை விட்டுவிடக் கூடாது, மூலையில் மிஞ்சிய சவ்வு ஈஸ்ட்ரோஜனுக்கு வளரும். அடுத்தது, மெனோபாஸுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பரிசோதனை தேவை. உள்ளே தழும்பு ஒட்டியிருப்பதால் சவ்வைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது அப்லேஷன் செய்தவர்களுக்குச் சற்றுச் சிரமமாக இருக்கலாம், அதனால் எந்த வருஷம் என்ன முறையில் செய்தார்கள் என்ற விவரத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.